பனிக்கட்டியா, துருவா, கற்பூரமா, மெழுகுவர்த்தியா? பருப்பொருள் பாடத்துக்கு வீட்டில் செய்ய எது நல்லது?

படிவம் 1 அறிவியலில் பருப்பொருள் பாடம் தொடங்கியதும், பினாங்கில் எனக்குத் தெரிந்த பெற்றோர் பலர் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். வீட்டிலேயே ஒரு சோதனை செய்து காட்டலாம் என்றிருக்கிறோம், எதைச் செய்வது? கையில் இருப்பது சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம், அடுக்குமாடி வீட்டின் சின்னச் சமையலறை, சில ரிங்கிட். தமிழ்ப்பள்ளியில் திடம், திரவம், வாயு என்று தமிழில் படித்த பிள்ளை, இடைநிலைப்பள்ளியில் அதையே மலாயிலோ ஆங்கிலத்திலோ மறுபடி படிக்கிறது. பெயர்கள் மனப்பாடமாக இருக்கும். ஒரு பொருள் நிலை மாறுவதற்கும் வேறு பொருளாகவே மாறிவிடுவதற்கும் உள்ள வேறுபாடுதான் கலங்கிக் கிடக்கும். நல்ல சோதனை ஒன்றை நிதானமாகச் செய்தால் அது தெளிந்துவிடும். ஆனால் இணையத்தில் கிடைக்கும் எல்லாச் சோதனையும் அந்த வேலையைச் செய்வதில்லை.

என் அளவுகோல் இதுதான். சோதனை முடிந்ததும் பிள்ளையிடம் இரண்டு கேள்வி கேட்க வேண்டும். புதிதாக ஏதாவது ஒரு பொருள் உண்டானதா? உண்டானது என்றால் எதை வைத்துச் சொல்கிறாய்? கண்ணால் பார்த்ததையும் தராசில் அளந்ததையும் வைத்துப் பிள்ளை விடை சொல்ல முடிந்தால் அது நல்ல சோதனை. "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்ல வேண்டி வந்தால், எவ்வளவு பொங்கினாலும் எவ்வளவு வண்ணமாக இருந்தாலும் அது வேடிக்கை மட்டும்தான்.

எல்லோர் வீட்டிலும் முதலில் நடப்பது சமையல் சோடாவும் வினிகரும் சேர்ந்து பொங்கும் எரிமலை. இதை நான் கடைசியில்தான் வைப்பேன். நடப்பது உண்மையான இரசாயன மாற்றம், அதாவது புதிய பொருள் உண்டாகும் மாற்றம், கரியமில வாயு வெளிவருகிறது, சந்தேகமே இல்லை. ஆனால் பிள்ளை பார்ப்பது நுரையை மட்டுமே. கொதிக்கும் தண்ணீரிலும் குமிழி வருகிறது, அது பௌதிக மாற்றம், தண்ணீர் தண்ணீராகவே இருக்கிறது. சோடா பாட்டிலைத் திறந்தாலும் குமிழி வருகிறது. குமிழி வந்தால் இரசாயன மாற்றம் என்ற தவறான பாடத்தை இந்த எரிமலை மனத்தில் ஆழமாகப் பதித்துவிடுகிறது. நிறம் சேர்த்துப் பொம்மை மலை கட்டினால் இன்னும் மோசம்.

செய்துதான் ஆக வேண்டும் என்றால் மலையை விட்டுவிட்டுச் சமையலறைத் தராசை எடுங்கள். 10 கிராம் சமையல் சோடா ஒரு சின்னக் கிண்ணத்தில், 150 மில்லிலிட்டர் வெள்ளை வினிகர் ஒரு பெரிய பாத்திரத்தில். இரண்டையும் தராசில் சேர்த்து வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, மெதுவாகக் கலந்து, நுரை அடங்கியதும் காலிக் கிண்ணத்தோடு மறுபடி பாருங்கள். கிட்டத்தட்ட 5 கிராம் குறைந்திருக்கும். அந்த 5 கிராம் எங்கே போனது என்ற கேள்வி எரிமலையைவிட நல்ல கேள்வி. இதையே ஜிப் பையில் மூடி வைத்துச் செய்து, எடை மாறவில்லை பார் என்று காட்டும் காணொளிகள் உண்டு. அவசரப்பட்டு அதைச் செய்யாதீர்கள். பை மூன்று லிட்டர் அளவுக்கு உப்பும்போது அதே அளவு காற்றை விலக்குகிறது, விலகிய காற்று பையைக் கொஞ்சம் மேலே தூக்குகிறது, தராசு மூன்று கிராமுக்கு மேல் குறைத்துக் காட்டும். பொருளின் நிறை அழியாது என்று காட்டப்போய், அழிந்துவிட்டது என்று பிள்ளை எழுதிவைக்கும். இறுக மூடிய கண்ணாடிப் பாட்டிலில் செய்வது பற்றிச் சொல்லவே வேண்டாம், அது வெடிக்கும்.

பனிக்கட்டியும் கொதிநீரும் பார்க்கச் சாதாரணமாக இருக்கும். ஆண்டு 5 பிள்ளைக்கு இதைவிட நல்லது இல்லை, படிவம் 1 பிள்ளைக்கும் இதில் நிறைய இருக்கிறது. ஆனால் ஒரு வெப்பமானி கட்டாயம் வேண்டும், 110 டிகிரி வரை காட்டும் கண்ணாடி வெப்பமானி. காய்ச்சல் பார்க்கும் கருவி உதவாது. மின்கெட்டிலும் உதவாது. கொதித்ததும் தானாக அணைந்துவிடும், நமக்கு வேண்டியதோ கொதிக்க ஆரம்பித்த பிறகு நடப்பது. சின்னப் பாத்திரத்தில் நொறுக்கிய பனிக்கட்டியைப் போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டு, மிகச் சின்னத் தீயில் வைத்துக் கிளறிக்கொண்டே அரை நிமிடத்துக்கு ஒரு முறை வெப்பநிலையைக் குறிக்கச் சொல்லுங்கள். தீ எரிந்துகொண்டே இருக்கிறது, வெப்பமானியோ 0 டிகிரியை ஒட்டியே நிற்கிறது. கடைசித் துண்டு உருகிய பிறகுதான் ஏறத் தொடங்குகிறது. பிறகு 100 டிகிரியில் மறுபடி நிற்கிறது. அந்த வரைபடத்தில் வரும் இரண்டு தட்டையான பகுதிகளைத் தன் கையால் வரைந்த பிள்ளை, படிவம் 4 வேதியியலில் அதே மாதிரி வரைபடம் வரும்போது மிரளாது.

ஏன் நிற்கிறது என்பதையும் எண்ணால் சொல்லலாம். 1 கிராம் பனிக்கட்டியை உருக்க 334 ஜூல் வேண்டும். அதே வெப்பம் 1 கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுபோகும். 1 கிராம் தண்ணீரை ஆவியாக்க 2,260 ஜூல், அதாவது 0 டிகிரியிலிருந்து 100 வரை சூடாக்குவதைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். துகள்களைப் பிடித்திருக்கும் கட்டை அவிழ்க்கத்தான் அவ்வளவும் செலவாகிறது. பொருள் தண்ணீராகவே இருக்கிறது. வெந்நீரைவிட நீராவி சுட்டால் காயம் ஏன் மோசம் என்பதும் இதிலேயே இருக்கிறது, ஆவி தண்ணீராகும்போது அந்த 2,260 ஜூலையும் தோலில் இறக்கிவிடுகிறது.

நம்மூர் ஈரக்காற்று இந்தச் சோதனைக்கு இன்னொரு வாய்ப்பும் தருகிறது. பனிக்கட்டி போட்ட கண்ணாடிக் குவளையின் வெளிப்பக்கம் ஐந்து நிமிடத்தில் வியர்த்துவிடும். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதின்மூன்று வயதுப் பிள்ளையும் "உள்ளேருந்து கசிஞ்சி வந்திருக்கு" என்று சொல்வதுண்டு. குவளைக்குள் ரோஸ் சிரப் கலந்து பாருங்கள். உள்ளே சிவப்பு, வெளியே நிறமற்ற துளி. ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்படாது. பினாங்கு மலைக்குப் போகும் குடும்பம் வெப்பமானியையும் எடுத்துப்போகலாம். மேலே காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 97, 98 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

இதன் குறை வெளிப்படை. தொடக்கம் முதல் முடிவு வரை பௌதிக மாற்றம் மட்டும்தான். 'புதிய பொருள் உண்டானதா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்ற விடை மட்டுமே கிடைக்கிறது. 'ஆம்' எப்படி இருக்கும் என்று பிள்ளை பார்த்ததே இல்லை.

துரு அந்த 'ஆம்' பக்கத்தைக் காட்டும். கடற்காற்று வீசும் தீவில் இருப்பவர்களுக்கு இரும்பைத் துருப்பிடிக்க வைப்பது பெரிய வேலையில்லை. வழக்கமான சோதனை நான்கு குப்பிகளில் நான்கு ஆணி: ஒன்றில் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு உலர்ந்த காற்று, ஒன்றில் காற்று நீங்கக் கொதித்து ஆறிய நீரும் காற்று புகாமலிருக்க மேலே எண்ணெயும், ஒன்றில் குழாய் நீர், ஒன்றில் உப்பு நீர். காற்றும் தண்ணீரும் இரண்டுமே இருந்தால்தான் துரு, உப்பு அதைத் துரிதப்படுத்தும் என்று ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். ஹார்ட்வேர் கடையில் வாங்கும்போது பளபளக்கும் ஆணியை வாங்காதீர்கள். அதற்குத் துத்தநாகப் பூச்சு இருக்கும், வாரக் கணக்கில் காத்திருந்தும் ஒன்றும் நடக்காமல் பிள்ளை சலித்துப்போகும். பூச்சில்லாத கறுத்த ஆணியைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு வாரம் காத்திருக்க முடியாதவர்களுக்கு எஃகுக் கம்பளி இருக்கிறது, பாத்திரம் தேய்ப்பதுதான், ஆனால் சோப்பு கலக்காதது. வினிகரில் சில நிமிடம் ஊறவைத்து, உதறி, உயரமான ஒடுங்கிய கண்ணாடிக் குவளையின் அடியில் செருகி, குவளையைத் தண்ணீர்த் தட்டில் கவிழ்த்து வையுங்கள். இரும்பு துருவாக மாற மாற உள்ளே இருக்கும் ஆக்சிஜன் செலவாகிறது, தட்டுத் தண்ணீர் குவளைக்குள் ஏறுகிறது. போதுமான கம்பளியும் நேரமும் கொடுத்தால் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்கு ஏறி நின்றுவிடும். காற்றில் ஆக்சிஜன் 21 விழுக்காடு என்ற எண்ணை ஒரு பிள்ளை தன் அளவுகோலால் அளந்து கண்டுபிடிப்பதைவிட வேறென்ன வேண்டும்.

கார்ன்வாலிஸ் கோட்டைக்குப் பிள்ளையை அழைத்துப்போனால் பாடம் இன்னும் நீளும். அங்கே இருக்கும் ஸ்ரீ ரம்பாய் பீரங்கி 1603இல் டச்சுக்காரர்கள் வார்த்த வெண்கலப் பீரங்கி. வெண்கலம் செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது, அதனால் மேற்பரப்பு நிறம் மாறுமே தவிர, இரும்பைப் போல அடுக்கடுக்காகத் துரு உதிர்ந்து கரைந்து போகாது. பொருளின் பண்பு என்றால் என்ன என்பதற்கு இதைவிடக் கனமான சான்று இந்த ஊரில் இல்லை.

வெள்ளீயம் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பௌதிக மாற்றத்தைத் திருப்பலாம், இரசாயன மாற்றத்தைத் திருப்ப முடியாது என்று பயிற்சிப் புத்தகங்களில் ஒரு சுருக்க விதி வருகிறது. தயவுசெய்து இதை மனப்பாடம் செய்யவைக்காதீர்கள். மிளகாயை அரைத்த பிறகு யாரால் திருப்ப முடியும்? ஆனால் அது பௌதிக மாற்றம்தான், அரைத்ததும் மிளகாயே. மறுபக்கம், வெள்ளீயத் தாது என்பது வெள்ளீயமும் ஆக்சிஜனும் சேர்ந்த ஆக்சைடு. பட்டர்வொர்த்தின் வெள்ளீய உருக்காலையில் நெடுங்காலம் நடந்த வேலை, கரியோடு சேர்த்துச் சூடாக்கி அந்த ஆக்சிஜனைப் பிரித்தெடுப்பது. வெள்ளீயம் ஆக்சிஜனோடு சேர்ந்ததும் இரசாயன மாற்றம், அதைத் திருப்பி உலோகமாக்கியதும் இரசாயன மாற்றம். அப்படிக் கிடைத்த உலோகத்தை 232 டிகிரியில் உருக்கி அச்சில் ஊற்றுவதுதான் பௌதிக மாற்றம். கேட்க வேண்டிய கேள்வி புதிய பொருள் உண்டானதா என்பது மட்டும்.

கற்பூரம் நம் வீடுகளுக்கே உரிய ஒரு வாய்ப்பு, அதனால்தான் சேர்த்தேன். திறந்த தட்டில் வைத்த கற்பூரம் ஈரம் தெரியாமலே நாளுக்கு நாள் இளைக்கும். திடம் நேரே ஆவியாகிறது. வெந்நீர்க் கிண்ணத்தின் மேல் ஒரு எஃகுத் தட்டு, அதில் கற்பூரத் துண்டு, மேலே கவிழ்த்த கண்ணாடிக் குவளை, குவளையின் மேல் பனிக்கட்டிப் பை. கொஞ்ச நேரத்தில் குவளையின் உட்பக்கத்தில் வெள்ளைப் படிகங்கள் படியத் தொடங்கும். அதே கற்பூரத்தைச் சாமிக்கு முன் ஏற்றினால் எரிந்து போகிறது, கரி மேலே படிகிறது. ஒரே பொருள், இரண்டு விதமான மாற்றம். கருத்தளவில் மிக அழகானது. இருந்தும் இதைப் பெரியவர் செய்ய, பிள்ளை பார்ப்பதோடு நிறுத்துவேன். கற்பூர ஆவி எளிதில் தீப்பிடிக்கும், எனவே அடுப்பில் சூடாக்கவே கூடாது. கொஞ்சம் விழுங்கினாலும் சிறு குழந்தைக்கு வலிப்பு வரும். கற்பூரத்துக்குப் பதிலாக அந்துருண்டையைக் காட்டும் காணொளிகளையும் தவிர்த்துவிடுங்கள். ஜி6பிடி என்ற இரத்த நொதியின் குறைபாடு இருக்கும் பிள்ளைகளுக்கு அந்துருண்டையில் இருக்கும் நாப்தலின் ஆபத்து. இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கு அந்தச் சோதனையைச் செய்துதான் அனுப்புகிறார்கள், உங்கள் பிள்ளையின் அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி மெழுகுவர்த்தி. இரண்டு மணி நேரமும் ஒரே ஒரு வாய்ப்பும்தான் இருக்கிறது என்றால் நான் இதைத்தான் எடுப்பேன். மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவு நிகழ்த்தினார், ஆறுக்கும் பொருள் மெழுகுவர்த்தி. அவ்வளவு விஷயம் அதில் இருக்கிறது.

முதலில் ஏற்றாமலே ஒரு கேள்வி. மெழுகுவர்த்தியில் எரிவது எது? "திரிதான் எரியுது டீச்சர், மெழுகு சும்மா உருகி வழியுது" என்றுதான் பெரும்பாலான பிள்ளைகள் சொல்கிறார்கள். பயிற்சிப் புத்தகமே 'மெழுகு உருகுவது பௌதிக மாற்றம்' என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுவதால் வந்த வினை. சரி என்று எழுதிவைத்துவிட்டு ஏற்றுங்கள். திரியின் அடியில் கண்ணாடி போலத் தெளிந்த குளம் தேங்கும். அது திரவ மெழுகு, திரி அதை மேலே இழுக்கிறது. நன்றாக எரிந்த பிறகு மெல்ல ஊதி அணைத்தால், திரியிலிருந்து ஒரு வெள்ளைப் புகைக்கோடு நேராக எழும். உடனே எரியும் தீக்குச்சியை அந்தப் புகைக்கோட்டில், திரிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே பிடியுங்கள். நெருப்பு புகை வழியே இறங்கித் திரியில் குதித்துப் பற்றிக்கொள்ளும். தீக்குச்சி திரியைத் தொடவே இல்லை. எரிந்தது ஆவியாகிப் போய்க்கொண்டிருந்த மெழுகு. இதை ஒரு முறை பார்த்த பிள்ளை 'இன்னொரு தடவை, இன்னொரு தடவை' என்று கேட்கும். விசிறியை நிறுத்தி, சன்னலைச் சாத்தி வைத்தால் தவறாமல் வரும்.

இந்த ஒரு நொடியில் திடம், திரவம், வாயு மூன்றும் பத்துச் சென்டிமீட்டருக்குள் வரிசையாக நிற்கின்றன. இதுவரை எல்லாம் பௌதிக மாற்றம். அடுத்து அந்த ஆவி எரிவது இரசாயன மாற்றம், அதற்குத்தான் சான்று வேண்டும்.

முதல் சான்று தண்ணீர். உலர்ந்த கண்ணாடிக் குவளையைச் சுடரின் மேலே சில நொடி கவிழ்த்துப் பிடித்தால் உட்பக்கம் மங்கும். ஊர் ஈரத்தை மறந்துவிடாதீர்கள். குளிர்பெட்டியில் வைத்த குவளை சுடர் இல்லாமலே மங்கிவிடும், சான்று கெட்டுவிடும். அறை வெப்பத்தில் இருக்கும் இரண்டு குவளைகளை எடுத்து, ஒன்றைச் சுடரின் மேலும், மற்றொன்றை வெறுமனேயும் கவிழ்த்துப் பிடித்து ஒப்பிடச் சொல்லுங்கள். மெழுகில் தண்ணீர் இல்லை, திரியில் இல்லை, ஆனால் இங்கே தண்ணீர் வந்திருக்கிறது. அடுத்தது கரி. எஃகுக் கரண்டியின் அடியைச் சுடரின் மஞ்சள் பகுதியில் நீட்டினால் ஒரு நொடியில் கறுத்துவிடும். சுடருக்கு மஞ்சள் ஒளி தருவதே அந்தக் கரித்துகள்கள் சூடேறி மின்னுவதுதான்.

மூன்றாவது, என் கணக்கில் முக்கியமானது, கரியமில வாயு. இதற்குச் சுண்ணாம்புத் தெளிநீர் வேண்டும், கரியமில வாயு கலந்தால் அது வெளுக்கும். லெபோ பாசார் பக்கத்து மளிகைக் கடைகளில் வெற்றிலைக்கு விற்கும் வெள்ளைச் சுண்ணாம்பே போதும். ஒரு சிட்டிகை அளவை ஒரு குவளைத் தண்ணீரில் கலக்கி, முதல் நாள் இரவே வைத்துவிட்டு, காலையில் மேலே தெளிந்ததை மட்டும் வடித்தெடுங்கள். அகலவாய் ஜாம் பாட்டிலுக்குள் சின்ன மெழுகுவர்த்தியை ஏற்றி, மூடியை லேசாக மேலே வைத்தால் அணைந்துவிடும். மெழுகுவர்த்தியை எடுத்துவிட்டு இரண்டு மேசைக்கரண்டி தெளிநீரை விட்டு மூடிக் குலுக்குங்கள், பால் போல் வெளுக்கும். வெறும் காற்று இருக்கும் இன்னொரு பாட்டிலில் அதே அளவு விட்டுக் குலுக்கினால் வெளுக்காது, காற்றில் கரியமில வாயு 0.04 விழுக்காடுதான். 1 கிராம் மெழுகு முழுதாக எரிந்தால் 3 கிராமுக்கு மேல் கரியமில வாயுவும் சுமார் 1.3 கிராம் நீரும் கிடைக்கும். 1 கிராமிலிருந்து 4 கிராமுக்கு மேல் எப்படி வந்தது என்று பிள்ளை கேட்டால், மீதியைத் தந்தது காற்றிலிருந்த ஆக்சிஜன் என்று அதுவே கண்டுபிடிக்கும் வரை கொஞ்சம் பொறுங்கள்.

மெழுகுவர்த்தியை வைத்துச் செய்யவே கூடாத ஒன்று உண்டு. தண்ணீர்த் தட்டில் நிறுத்தி, மேலே குவளையைக் கவிழ்த்து, தண்ணீர் ஏறியதைக் காட்டி, ஆக்சிஜன் தீர்ந்துவிட்டது என்று சொல்வது. தண்ணீர் ஏறுவது பெரும்பாலும் சூடான காற்று ஆறிச் சுருங்குவதால். சுடர் அணையும்போது உள்ளே ஆக்சிஜன் இன்னும் கணிசமாக மீதியிருக்கிறது. ஐந்தில் ஒரு பங்கை அளக்க எஃகுக் கம்பளிதான் சரியான வழி.

ஆகவே என் முடிவு: படிவம் 1 பிள்ளைக்கு மெழுகுவர்த்தி. அன்றைக்கே நான்கு ஆணிகளையும் குப்பிகளில் போட்டுச் சன்னல் ஓரம் வைத்துவிடுங்கள், அது தன்பாட்டுக்கு நடக்கட்டும். வீட்டில் ஆண்டு 5 தம்பி தங்கை இருந்தால், அல்லது கூடவே நின்று கவனிக்கப் பெரியவர் இல்லையென்றால், நெருப்பு வேண்டாம், பனிக்கட்டியும் ரோஸ் சிரப்பும் போதும். கொம்தாரில் இருக்கும் டெக் டோம் அறிவியல் மையத்துக்குக் கூட்டிப்போவது நல்லதுதான், ஆனால் வீட்டில் ஒன்றைத் தன் கையால் செய்த பிறகு போனால், அங்கே பொத்தானை அழுத்திவிட்டு ஓடாமல் நின்று பார்ப்பார்கள்.

தேவையானவை அகலமான உலோகத் தட்டு, அதில் கொஞ்சம் மணல், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். நீண்ட கூந்தலை முடிந்துவிடுங்கள், செயற்கைத் துணியில் தளர்ந்த கை வைத்த சட்டை வேண்டாம். சுண்ணாம்புத் தெளிநீர் கண்ணில் பட்டால் எரிக்கும், கண்ணாடி அணியச் சொல்லுங்கள். மீந்ததை எடுத்து வைப்பதானால் பாட்டிலில் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். பார்ப்பதற்கு அது குடிதண்ணீர் போலவே இருக்கும்.